குழாயை எடுத்த பிறகும் கசிவு நிற்கவில்லை. ரோபோ அறுவைசிகிச்சை தவறிவிட்டதா?

கேள்வி: என் கணவருக்கு 63 வயது. பி.எஸ்.ஏ. 9.2 இருந்ததால் எம்.ஆர்.ஐ., பயாப்ஸி எல்லாம் எடுத்துப் பார்த்து, புராஸ்டேட் புற்றுநோய், அதன் வீரியத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் 3+4=7 என்றார்கள். ஏழு வாரங்களுக்கு முன் ரோபோ மூலம் அறுவைசிகிச்சை நடந்தது. பத்தாம் நாள், சிறுநீர் வடிவதற்காக வைத்திருந்த குழாயை எடுத்தார்கள். அன்றிலிருந்து கசிவு இருக்கிறது. இரவில் படுக்கை நனைவதில்லை, காலையிலும் பரவாயில்லை. சாயங்காலம் ஆகிவிட்டால் எழுந்தாலும் இருமினாலும் கசிகிறது. ஒரு நாளைக்கு நான்கைந்து பேடு மாற்றுகிறார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார், வெளியே வருவதில்லை. "ரோபோ செய்தால் ஒரு குறையும் வராது என்றுதானே சொன்னார்கள், கதிர்வீச்சுக்கே போயிருக்கலாம்" என்கிறார். சுரப்பியைச் சோதித்த அறிக்கையில் புற்று உள்ளேயே அடங்கியிருந்தது, வெட்டிய விளிம்பில் இல்லை என்று இருக்கிறது. போன வாரம் பி.எஸ்.ஏ. 0.03க்கும் குறைவு. இந்தக் கசிவு நிற்குமா? இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது: அவர் இப்போது தனி அறையில் படுக்கிறார், என்னைத் தொடுவதே இல்லை. நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். புற்று சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தது, விளிம்பில் இல்லை, பி.எஸ்.ஏ. 0.03க்கும் குறைவு. பி.எஸ்.ஏ. என்பது ஏறக்குறைய முழுவதும் புராஸ்டேட் செல்களே சுரக்கும் ஒரு புரதம். ரத்தத்தில் இருக்கும் அதன் அளவு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சுரப்பி முழுவதும் வெளியே வந்திருந்து, உடலில் வேறு எங்கும் அந்தச் செல்கள் இல்லையென்றால், ஆறு வாரங்களில் அது அளக்க முடியாத நிலைக்கு வந்துவிட வேண்டும். உங்கள் கணவருக்கு வந்துவிட்டது. எந்தக் காரியத்துக்காக அவர் கத்திக்கு உடன்பட்டாரோ, அந்தக் காரியம் இன்றைய தேதியில் எங்கள் கருவிகளால் அளக்கக்கூடிய அளவில் நன்றாகவே முடிந்திருக்கிறது. நாள் முழுவதும் ஈரத்தோடு போராடிக்கொண்டிருப்பவருக்கு இந்தச் செய்தி காதில் ஏறாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் ஒருவராவது அதை முழுமையாக உணர்ந்திருக்க வேண்டும் என்பதால் முதலில் சொல்கிறேன்.

அடுத்து, ரோபோவைப் பற்றிய அவருடைய மனக்குறை. இந்தக் குறைக்கு நோயாளியைவிட மருத்துவர்களாகிய நாங்களே அதிகம் பொறுப்பு என்று நான் நினைக்கிறேன். ரோபோ என்ற பெயரே, தானாக முடிவெடுத்துத் தவறில்லாமல் வேலை செய்யும் ஓர் இயந்திரத்தை மனத்தில் எழுப்பிவிடுகிறது. உண்மையில் அது தானாக ஓர் அங்குலமும் அசையாது. அறுவைசிகிச்சை நிபுணர் அதே அறையில் சற்றுத் தள்ளி ஒரு இருக்கையில் அமர்ந்து, முப்பரிமாணமாகவும் சுமார் பத்து மடங்கு பெரிதாகவும் தெரியும் காட்சியைப் பார்த்தபடி, தன் விரல்களால் இயக்குகிறார். வயிற்றில் ஒரு சென்டிமீட்டர் அளவில் போட்ட ஐந்தாறு துளைகளின் வழியே நுழைந்திருக்கும் மெல்லிய கருவிகள் அந்த விரலசைவை உள்ளே அப்படியே செய்கின்றன. கை நடுக்கம் வடிகட்டப்படுகிறது. மணிக்கட்டைப் போலக் கருவியின் நுனி வளைந்து திரும்புகிறது. இடுப்பெலும்புக்குள் ஆழமாக, குறுகலான இடத்தில் இருக்கும் புராஸ்டேட்டுக்கு இது மிகவும் பொருத்தமான வசதி. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ரோபோக் கருவியால் முதன்முதலாகப் புராஸ்டேட் அகற்றப்பட்டது முதல் இம்முறை உலகெங்கும் வேகமாகப் பரவியதற்கு அதுவே காரணம்.

இந்த வசதியால் கிடைக்கும் பலன்கள் உறுதியானவை: ரத்த இழப்பு குறைவு, வலி குறைவு, ஓரிரு நாட்களில் வீடு திரும்பலாம். ஆனால் சிறுநீர்க் கட்டுப்பாடும் ஆண்மையும் எவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்ற கேள்விக்கு வரும்போது நிலைமை வேறு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஒரு குழுவினருக்கு ரோபோ மூலமும் மற்றவர்களுக்கு வயிற்றைத் திறந்தும் அறுவைசிகிச்சை செய்து ஒப்பிட்டார்கள். 2016இல் வெளியான அதன் முதல் முடிவுகளிலும் 2018இல் வெளியான இரண்டாண்டு முடிவுகளிலும், இந்த இரண்டு விஷயங்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. கருவியை இயக்கும் கைகளின் அனுபவமும், நோயாளியின் வயதும் உடல்வாகும், புற்று நரம்புகளுக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதும்தான் இங்கே தீர்மானிக்கின்றன. ஆகவே "ஒரு குறையும் வராது" என்று யாரேனும் சொல்லியிருந்தால் அது சொல்லியிருக்கக் கூடாத வாக்குறுதி. அந்த வாக்குறுதி பொய்த்ததை அறுவைசிகிச்சை பொய்த்ததாக உங்கள் கணவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டும் வேறு வேறு என்று அவருக்குப் புரிந்தால் பாதி பாரம் இறங்கும்.

கதிர்வீச்சுக்குப் போயிருக்கலாமோ என்ற கேள்வியையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சுரப்பிக்குள் அடங்கிய புற்றுக்காகப் பிரிட்டனில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவைசிகிச்சை, கதிர்வீச்சு என மூன்று குழுக்களாகப் பிரித்துப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. எந்தக் குழுவை எடுத்தாலும், புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் இருந்தார்கள். கதிர்வீச்சுக்கும் தனக்கென்று தொல்லைகள் உண்டு. மலக்குடலிலும் சிறுநீர்ப்பையிலும் எரிச்சலும் ரத்தக்கசிவும் வரலாம், விறைப்பும் சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறையலாம். அவர் எடுத்தது தவறான முடிவு அல்ல. எடுக்காத பாதையில் தொல்லையே இருந்திருக்காது என்று எண்ணி அவர் தன்னை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

இப்போது கசிவுக்கு வருகிறேன். எதனால் கசிகிறது என்று தெரிந்தால் எப்போது நிற்கும் என்பதும் விளங்கும். புராஸ்டேட் சிறுநீர்ப்பையின் அடியில் ஒரு பெரிய நெல்லிக்காய் போல அமர்ந்திருக்கிறது. சிறுநீர் வெளியேறும் பாதை அதன் நடுவே துளைத்துக்கொண்டு போகிறது. சிறுநீரைத் தேக்கிவைக்கும் வேலையை ஆண்களுக்கு இரண்டு காவல்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று, சிறுநீர்ப்பையின் கழுத்திலும் புராஸ்டேட்டைச் சுற்றியும் உள்ள, நம் எண்ணம் இல்லாமலே இயங்கும் தசை. மற்றொன்று, புராஸ்டேட்டுக்குக் கீழே, நாமாக இறுக்கக்கூடிய சுருக்குத்தசை. சுரப்பியை எடுக்கும்போது முதல் காவலின் பெரும்பகுதியும் கூடவே போய்விடுகிறது. பிறகு சிறுநீர்ப்பையின் கழுத்தைக் கீழே இழுத்து, எஞ்சிய சிறுநீர்ப் பாதையோடு சுற்றிலும் தையலிட்டு இணைக்கிறோம். அந்த இணைப்பு ஆறும் வரை தாங்குவதற்காகத்தான் பத்து நாட்கள் குழாய் இருந்தது. குழாயை எடுத்த நிமிடம் முதல், இத்தனை வருடம் துணைக்காவலாக இருந்த கீழ்ச் சுருக்குத்தசை முழுப் பொறுப்பையும் தனியாக ஏற்கிறது. அதுவும், அறுவைசிகிச்சையின்போது அதன் பக்கத்திலேயே வேலை நடந்ததால் களைத்து, வீங்கியிருக்கும் நிலையில் ஏற்கிறது.

இந்தப் பின்னணியில் உங்கள் வரிகளைத் திரும்பப் படியுங்கள். இரவில் படுக்கை நனைவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படுத்திருக்கும்போது தேக்கிவைக்க முடிகிறது என்றால் அந்தச் சுருக்குத்தசை உயிரோடு, வேலை செய்துகொண்டு இருக்கிறது என்று பொருள்; என் நோயாளி ஒருவர் இதைச் சொன்னால் நான் நிம்மதி அடைவேன். காலையில் நன்றாக இருந்து மாலையில் மோசமாவது, பகல் முழுவதும் உழைத்த தசை சோர்ந்துபோவதால். எழும்போதும் இருமும்போதும் கசிவது, வயிற்றின் அழுத்தம் திடீரென ஏறும் அந்த நொடியில் தசை இன்னும் வேகமாக இறுகக் கற்றுக்கொள்ளாததால். ஏழாவது வாரத்தில் இவை மூன்றும் எதிர்பார்க்கக்கூடியவை. பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் தெளிவான முன்னேற்றம் தெரியும். ஓராண்டு முடியும்போது பெரும்பான்மையினர் பேடு இல்லாமலோ, பாதுகாப்புக்காக ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டோ இருப்பார்கள். ஒரு சிறு பகுதியினருக்கு ஓராண்டுக்குப் பிறகும் தொல்லை தரும் அளவில் கசிவு நீடிக்கும். அவர்களுக்கும், சிறுநீர்ப் பாதையைத் தாங்கிப்பிடிக்கும் நாடா வைப்பது, திரவம் நிரம்பிய வளையத்தால் பாதையை மூடித் திறக்கும் செயற்கைச் சுருக்குத்தசை பொருத்துவது என நல்ல வழிகள் உண்டு. அவற்றைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டிய அவசியம் இல்லை.

நீங்கள் எழுதியதில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது கசிவு அல்ல, அவர் தண்ணீரைக் குறைத்தது. குடிக்காவிட்டால் கசியாது என்பது யாருக்கும் தோன்றும் கணக்குதான். உடலில் அது எதிர்மாறாக வேலை செய்கிறது. செறிந்த சிறுநீர் சிறுநீர்ப்பையின் உட்சுவரை எரிச்சலூட்டி, நிறைவதற்கு முன்பே சுருங்க வைக்கும், தொற்றுக்கு இடம் கொடுக்கும், மலச்சிக்கலை உண்டாக்கும். முக்கி மலம் கழிப்பது, சிறுநீர்ப்பையை அடியிலிருந்து தாங்கும், இப்போது ஆறிவரும் இடுப்புத்தளத் தசையின் மேல் பெரும் அழுத்தம். இதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு இருந்து மருத்துவர் நீரின் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் ஒழிய, நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை, பகலில் பரவலாகக் குடிக்கட்டும். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பு குறைத்துக்கொள்ளட்டும். குறைக்க வேண்டியது காபி, தேநீர், குளிர்பானம், மது இவற்றைத்தான். அதேபோல், கசிந்துவிடுமோ என்ற பயத்தில் அரைமணிக்கு ஒருமுறை கழிப்பறைக்கு ஓடும் பழக்கமும் வேண்டாம். அப்படி ஓடினால் சிறுநீர்ப்பை தன் கொள்ளளவை மறந்துவிடும். இரண்டு மணி நேர இடைவெளியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று மணி நேரத்துக்குக் கொண்டுபோகலாம்.

இடுப்புத்தளப் பயிற்சியைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். என் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் நானும் அதையே செய்தேன். ஒருவர் இரண்டு மாதம் விடாமல் பயிற்சி செய்தும் முன்னேற்றம் இல்லை என்று வந்தார். செய்து காட்டச் சொன்னபோது, உள்ளே இழுப்பதற்குப் பதிலாக மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி முக்கிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு மாதத்தையும் அவர் இழந்தது என்னால். அதற்குப் பிறகு, அறுவைசிகிச்சைக்கு முன்பே நேரில் சொல்லிக்கொடுத்து, அவர் சரியாகச் செய்கிறார் என்று பார்க்காமல் யாரையும் நான் அனுப்புவதில்லை.

சரியான தசையை அவர் இப்படிக் கண்டுபிடிக்கலாம். முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, இயல்பாக மூச்சு விட்டபடி, ஆண்குறியை உடலுக்குள் சற்று இழுத்துக்கொள்வதுபோல, பாதியில் சிறுநீரை நிறுத்துவதுபோல மெதுவாக இறுக்க வேண்டும். சரியாகச் செய்தால் குறியின் அடிப்பகுதி லேசாக உள்வாங்குவதும் விதைகள் சற்று மேலெழுவதும் தெரியும். பிட்டமும் தொடையும் வயிறும் இறுகக் கூடாது. ஆசனவாயை மட்டும் இறுக்கினால் பின்பக்கத் தசைதான் வேலை செய்யும்; நமக்கு வேண்டியது முன்பக்கம். இறுக்கியபடி ஐந்து நொடி, பிறகு அதே அளவு அல்லது கூடுதலான ஓய்வு. இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை போதும். வாரங்கள் செல்லச்செல்லப் பத்து நொடி வரை நீட்டிக்கலாம். படுத்துச் செய்வது பழகியதும் உட்கார்ந்தும், பிறகு நின்றும் செய்யலாம். அதிகம் செய்தால் சீக்கிரம் குணமாகும் என்று நாள் முழுவதும் இறுக்கிக்கொண்டே இருப்பவர்களுக்குத் தசை களைத்து மாலையில் இன்னும் கூடுதலாகக் கசிகிறது. உண்மையாகவே சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவதும் கூடாது. சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாமல் போகும்.

இந்தப் பயிற்சியின் பயன் அன்றாட அசைவுகளில் சேரும்போதுதான் முழுமையாகும். நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன், இருமுவதற்கு முன், ஒரு பொருளைத் தூக்குவதற்கு முன் அந்தத் தசையை ஒரு கணம் இறுக்கி, இறுக்கியபடியே அந்த அசைவைச் செய்ய வேண்டும். முதல் சில வாரங்கள் நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். பிறகு உடல் தானாகவே செய்யும். இந்தத் துறையில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவரை ஓரிரு முறை நேரில் பார்த்து, சரியாகச் செய்கிறாரா என்று உறுதிசெய்துகொள்வது மிகவும் நல்லது.

முன்னேற்றத்தைப் பேடுகளின் எண்ணிக்கையால் அளக்காதீர்கள். சுத்தத்தில் கருத்தாக இருக்கும் ஒருவர் சில துளி பட்டதுமே மாற்றுவார். இன்னொருவர் நனைந்து கனக்கும் வரை வைத்திருப்பார். உலர்ந்த பேடு ஒன்றின் எடையைச் சமையலறைத் தராசில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு நாள், இருபத்துநான்கு மணி நேரத்தில் கழற்றும் பேடுகளை எல்லாம் ஒரு பையில் மூடிவைத்து எடை பார்த்து, அத்தனை பேடுகளின் உலர்ந்த எடையைக் கழித்துவிடுங்கள். ஒரு கிராம் என்பது ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் கசிவு. இன்று இருநூறு கிராம், அடுத்த முறை நூற்றைம்பது, அதற்கடுத்து எண்பது என்று ஒரு தாளில் எழுதிவைத்தால், கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் முன்னேற்றம் எண்ணாகத் தெரியும். மனம் விட்டுப்போன பலரை இந்தத் தாள் மீட்டெடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வெளியே போவதற்கும் ஏழு வாரத்தில் உடல்ரீதியான தடை எதுவும் இருக்காது. நடை மிகவும் நல்லது, காலையில் தசை புத்துணர்வோடு இருக்கும் நேரத்தில் தொடங்கட்டும். கனமான பொருட்களைத் தூக்குவதை மருத்துவர் அனுமதித்த பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். மிதிவண்டிக்கு மட்டும் இன்னும் சில வாரம் பொறுத்திருப்பது நல்லது. இருக்கை நேராக அந்த இடத்திலேயே அழுத்தும்.

நீங்கள் கூச்சத்தோடு எழுதிய கேள்விக்கு வருகிறேன். கேட்டது மிகவும் சரி. இந்த அறுவைசிகிச்சைக்குப் பிறகு ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் எழும் கேள்வி இது. பெரும்பாலான வீடுகளில் இருவரும் தனித்தனியாக அதை விழுங்கிக்கொள்கிறார்கள்.

விறைப்புக்கான நரம்புகள் புராஸ்டேட்டின் இரு பக்கமும், சற்றுப் பின்னால், அதன் மேலுறையோடு ஒட்டியபடி மெல்லிய வலைபோல ஓடுகின்றன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பேட்ரிக் வால்ஷ் என்ற அறுவைசிகிச்சை நிபுணர், 1982இல் இந்த நரம்புகளை அடையாளம் கண்டு திட்டமிட்டுக் காப்பாற்றும் முறையைத் தொடங்கும்வரை, சுரப்பியை எடுத்தால் ஆண்மை போகும் என்பதே விதியாக இருந்தது. இன்று, புற்று அனுமதிக்கும் அளவுக்கு, ஒரு பக்கமோ இரு பக்கமோ அவற்றை உரித்தெடுத்துக் காப்பாற்றுகிறோம். ஆனால் முழுமையாகக் காப்பாற்றப்பட்ட நரம்பும், இழுபட்டதாலும் சுற்றியுள்ள வீக்கத்தாலும் பல மாதங்கள் உறங்கிப்போகும். அது விழித்தெழ ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை ஆகலாம். ஆகவே ஏழாவது வாரத்தில் எதுவும் நடக்கவில்லை என்பதிலிருந்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. எல்லோருக்கும் பழைய நிலை அப்படியே திரும்பும் என்றும் நான் சொல்லமாட்டேன். வயது, முன்பிருந்த நிலை, சர்க்கரை நோய், எத்தனை பக்க நரம்புகள் காப்பாற்றப்பட்டன என்பதையெல்லாம் பொறுத்தது அது.

அவரிடம் யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லாத சிலவற்றைச் சொல்கிறேன். இன்ப உணர்ச்சியும் உச்சநிலையும் வேறு நரம்புகளின் வழியே வருபவை; விறைப்பு இல்லாமலும் அவை சாத்தியம். ஆனால் விந்து வராது, இனி ஒருபோதும் வராது. அதை உண்டாக்கும் புராஸ்டேட்டும் விந்துப்பைகளும் எடுக்கப்பட்டுவிட்டன. இதை முன்கூட்டி அறியாத ஆண்கள் முதல்முறை அதிர்ந்துபோய், அதற்குப் பிறகு முயற்சியையே கைவிட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் சிறிது சிறுநீர் கசியவும் கூடும்; முன்னதாகச் சிறுநீர் கழித்துவிட்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம், கசிந்தாலும் உங்களுக்கு அதனால் எந்தத் தீங்கும் இல்லை. புற்றுநோய் தொடுவதாலோ உடலுறவாலோ மனைவிக்குப் பரவாது. இந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லாமல், மனைவியைக் காப்பதாக நினைத்துத் தனி அறைக்குப் போன ஆண்களை நான் சந்தித்திருக்கிறேன். உங்கள் கணவர் தள்ளிப் படுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஈரமும் வாடையும் உங்களுக்கு அருவருப்பைத் தருமோ என்ற கூச்சமும் இருக்கலாம். அன்பு குறைந்ததால் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

உதவிகள் இருக்கின்றன. சில்டெனாஃபில், டடாலாஃபில் போன்ற மாத்திரைகளைப் பல மருத்துவர்கள் ஆரம்ப மாதங்களிலேயே கொடுக்கிறார்கள். அவை நரம்பை வளர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றாலும், நரம்பு விழிக்கும்போது கிடைக்கும் பலனைக் கூட்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் வகை மருந்து எடுப்பவர்கள் இவற்றைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழ்ந்துவிடும். மாத்திரை பலிக்காத காலத்திலும் வெற்றிடக் கருவி, குறியில் தானே போட்டுக்கொள்ளும் ஊசி என்று நரம்பின் துணை இல்லாமலே பயன் தருபவை உண்டு. இவை எல்லாம் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியவை. இன்றைக்கு நீங்கள் செய்யக்கூடியது அதைவிட எளியது: ஒரே அறைக்குத் திரும்பி வாருங்கள் என்று அழையுங்கள். படுக்கையில் நீர் ஊறாத விரிப்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள். அருகில் இருப்பதும் கையைப் பிடித்துக்கொள்வதும் உடலுறவுக்கான முன்னேற்பாடு அல்ல, அதற்கென்று எந்தப் பரீட்சையும் அதன் முடிவில் காத்திருக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்தால், அவர் நெருங்கி வருவது எளிதாகும்.

பி.எஸ்.ஏ. பரிசோதனையை முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை செய்யச் சொல்வார்கள், பிறகு இடைவெளி கூடும். கூடுமானவரை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். 0.02, 0.03 என்று சிறிய அளவில் ஏறி இறங்குவதைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு முறை 0.2 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் நோய் திரும்பியிருக்கலாம் என்று வழக்கமாகக் கருதுகிறோம். அப்போதும் அந்த இடத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்துக் கட்டுப்படுத்த வாய்ப்பு இருக்கிறது. அவர் போயிருக்கலாமோ என்று ஏங்கும் அந்தக் கதவு மூடப்படவில்லை.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலைகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். குளிருடன் காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது கடும் எரிச்சல், சிறுநீர் அடைப்பு, ரத்தக்கட்டிகள், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி ஆகியவற்றில் எதற்கும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. இவற்றைவிடச் சாதுவாகத் தோன்றும் ஒன்று: கசிவு இருந்துகொண்டே, சிறுநீர்த் தாரை மட்டும் வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டு போவது. தையல் போட்ட இணைப்பு இறுகிச் சுருங்கினால் அப்படி ஆகும். சிறிய சிகிச்சையில் சரிசெய்யலாம், ஆனால் சொன்னால்தான் தெரியும். தூக்கமும் பசியும் போய், வாழ்ந்து என்ன பயன் என்பதுபோல அவர் பேசத் தொடங்கினாலும் அது மருத்துவம் பார்க்க வேண்டிய நிலைதான். அன்றே சொல்லுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை அடையாளம் காட்டும் எதையும் நான் இங்கே சேர்க்கவில்லை. ஆனாலும் நீங்களே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. தனக்குத் தெரியாமல் மனைவி கவலைப்படுகிறாள் என்று அவர் பின்னால் அறிவதைவிட, நீங்கள் இருவரும் சேர்ந்து இதைப் படிப்பது மேல். முழுவதும் படிக்கப் பொறுமை இல்லையென்றால், இரவில் நனையாததைப் பற்றி எழுதிய பத்தியை மட்டும் முதலில் காட்டுங்கள். அடுத்த முறை அறுவைசிகிச்சை செய்த மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் உடன் சென்று, நரம்புகள் ஒரு பக்கம் காப்பாற்றப்பட்டனவா, இரு பக்கமுமா என்று நேரடியாகக் கேளுங்கள். பயிற்சியைச் சரிபார்க்கப் பிசியோதெரபிஸ்டுக்கு ஒரு பரிந்துரைக் கடிதமும் வாங்குங்கள். அவர் கேட்கத் தயங்கினால் நீங்கள் கேட்கலாம். அந்த எடைத்தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.